மாட்டுக் கொட்டகைக்கு 12 வோல்ட் விளக்கு

கறவை மாடு வைத்திருப்போர் பொழுது விடியுமுன்பே கொட்டகைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. மாடு கன்று ஈனும் நாளில் இரவு முழுவதும் வெளிச்சம் தேவை. இதற்காக வீட்டிலிருந்து 230 வோல்ட் மின்சாரத்தை ஒட்டுப்போட்ட ஒயரில் இழுத்துக் கூரைக் கழியில் கட்டிவிடுவோர் பலர். எலி கடித்து மேல் தோல் போய்விட்டால், முதல் ஆபத்து மாட்டுக்குத்தான். சாணமும் மூத்திரமும் கலந்த ஈரத்தில் நான்கு கால்களும் பதிய நிற்கும் மாடு, மனிதனுக்குச் சுரீரென்று படும் கசிவிலேயே விழுந்துவிடக்கூடும்.

ஒன்றிரண்டு விளக்குக்கு 12 வோல்ட் பாட்டரியே போதும். பல்பு வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கக் கூடாது. மோட்டார் சைக்கிளின் பழைய 35 வாட் முகப்பு பல்பு சும்மா கிடைத்தாலும் நஷ்டமே. 7 ஆம்பியர்-மணி பாட்டரியை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக எரிந்தே பாதி இறக்கிவிடும். 5 வாட் எல்.இ.டி. பல்பு அதே பாதியில் சுமார் 8 மணி நேரம் எரியும். ஒட்டும் எல்.இ.டி. பட்டை மலிவுதான், ஆனால் உறை இல்லாத பட்டை கொட்டகை ஈரத்துக்குத் தாங்காது.

பல்பில் மிச்சப்படுத்தலாம், ஒயரில் கூடாது. 10 வாட் விளக்கு 230 வோல்ட்டில் 0.04 ஆம்பியர்தான் இழுக்கும். 12 வோல்ட்டில் 0.8 ஆம்பியர். பாட்டரி 20 மீட்டர் தள்ளியிருந்து, 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால், ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு.

12 வோல்ட் ஒயரைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்பதால் அலட்சியம் ஆகாது. இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டால் ஒயர் பழுக்கக் காய்ந்து கூரை ஓலையில் தீப்பற்றும். ஆகவே பாட்டரியின் பிளஸ் முனைக்கு அருகிலேயே 2 ஆம்பியர் பியூஸ் ஒன்று அவசியம். வழக்கமான ஹோல்டரில் பொருந்தும் 12 வோல்ட் பல்புகளும் விற்கின்றன. வீட்டு பல்புகளோடு கலந்துவிடாமல் அவற்றில் பெயிண்டால் குறியிட்டு வைப்பது நல்லது.

வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றுவதானால், பாட்டரியைக் கொட்டகை ஒயரிலிருந்து கழற்றிய பிறகே ஏற்ற வேண்டும். மலிவான சார்ஜரில் கோளாறு நேர்ந்தால், 230 வோல்ட்டும் அந்த ஒயர் வழியே கொட்டகைக்கு வந்து சேரும்.