மாடியில்லா வீட்டின் வரலாறு

அரபு மொழியில் 'அத்தூப்' என்றால் செங்கல். ஸ்பெயினில் முஸ்லிம்களின் ஆட்சி நிலவிய காலத்தில் (711-1492) இச்சொல் ஸ்பானிய மொழியில் புகுந்து 'அடோபே' என மருவி, வெயிலில் உலர்த்திய மண்கல்லுக்குப் பெயராயிற்று. ஸ்பானியர் அச்சொல்லை அமெரிக்கக் கண்டத்திற்குக் கொண்டு சென்றனர். கலிஃபோர்னியாவின் 'ராஞ்சோ' எனப்படும் கால்நடைப் பண்ணைகளில் அம்மண்கல்லால் வீடுகள் எழுந்தன. 'ராஞ்ச் வீடு' என்று இன்று அமெரிக்கர் அழைக்கும் மாடியில்லாத, நீண்டு தாழ்ந்த வீட்டின் மூலம் அதுவே. அரபு கற்பிக்கும் எனக்கு இச்செய்தி தெரிந்த நாளில் உண்டான மகிழ்ச்சி கொஞ்சமன்று.

அப்பண்ணை வீடுகள் எப்படி இருந்தன? தடித்த மண்சுவர்கள். நடுவே திறந்த முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். அறைகள் யாவும் அத்தாழ்வாரத்தை நோக்கியே திறக்கும். தெருவில் செல்வோர் கண்ணுக்குச் சுவர்தான் தெரியும். இத்தகைய முற்றம் ரோமானியர் காலத்திலேயே ஸ்பெயினில் இருந்ததுதான். முழுப் பெருமையையும் நமக்கே உரிமையாக்கிக் கொள்வது நேர்மையாகாது. எனினும் அதனைப் பல நூற்றாண்டுகள் பேணி, நீரும் நிழலும் சேர்த்து அழகுபடுத்தியதில் அந்தலூசிய முஸ்லிம்களுக்குப் பெரும் பங்குண்டு.

சான் டியேகோ நகரில் 1909இல் பிறந்த கிளிஃப் மே என்பவர், பழைய ஸ்பானியக் குடும்பமான எஸ்டுடில்லோவின் வழிவந்தவர். சிறுவனாக இருந்தபோது அத்தகைய மண்கல் வீடுகளில் உலவியவர். கட்டடக்கலைப் பட்டம் எதுவும் அவருக்கு இல்லை. 1930களின் தொடக்கத்தில், முற்றத்தைச் சுற்றி அமைந்த தமது முதல் வீடுகளை அந்நகரிலேயே கட்டினார். 1946இல் 'சன்செட்' இதழுடன் இணைந்து மேற்கத்தியப் பண்ணை வீடுகள் பற்றி அவர் வெளியிட்ட நூல் நாடெங்கும் பரவியது.

காலமும் அவருக்குத் துணை செய்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து இலட்சக்கணக்கான வீரர்கள் ஊர் திரும்பினர். 1944ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு வீட்டுக் கடனை எளிதாக்கியது. ஊருக்கு வெளியே நிலம் மலிவு, கார் கைக்கெட்டியது. நிலத்தின் மேலேயே கான்கிரீட் தளம் இட்டு, சரிவு குறைந்த கூரையும் அகன்ற இறவாரமும் வைத்து, வீட்டோடு கார் கொட்டகையும் சேர்த்து விரைவாகக் கட்டி முடித்தனர். சமையலறைக்கும் கூடத்திற்கும் இடையே இருந்த சுவர் நீங்கியது. சமைக்கும் தாய், முற்றத்தில் விளையாடும் பிள்ளையைக் கண்ணாடிக் கதவு வழியே பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். 1950களில் அந்நாட்டு நடுத்தரக் குடும்பத்தின் கனவு இதுவாகவே இருந்தது.

ஆனால் வாசகர்களே, அக்கனவு எல்லோருக்கும் திறந்திருந்ததா? வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் அளித்த அரசு நிறுவனமே, இனம் கலந்த குடியிருப்புகளுக்கு உத்தரவாதம் தர மறுத்து வந்தது. வெள்ளையர் அல்லாதோருக்கு விற்கலாகாது என்று பத்திரத்தில் எழுதும் வழக்கத்தை அதன் 1938ஆம் ஆண்டுக் கையேடு பரிந்துரைத்தது. அத்தகைய பத்திரங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாதென 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும் வழக்கம் ஒழியவில்லை. 1957இல் பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்னும் கறுப்பினத் தம்பதியர் குடியேறினர். கூட்டம் திரண்டது, கல் பறந்தது, கூடத்தின் பெரிய கண்ணாடி சன்னல் உடைந்தது. அவர்கள் வெளியேறவில்லை.

இங்கேதான் ஜோசஃப் ஐக்லரை நினைக்க வேண்டும். பால், முட்டை மொத்த வணிகத்தில் இருந்து நடுவயதில் வீடு கட்ட வந்தவர். ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த வீடொன்றில் வாடகைக்கு இருந்தபோது அவர் மனம் மாறிற்று. அத்தகைய வீடு சாமானியருக்கும் கிடைக்க வேண்டும் என எண்ணி, தேர்ந்த கட்டடக் கலைஞர்களைக் கொண்டு ஏறத்தாழ 11,000 வீடுகளைப் பெரும்பாலும் வட கலிஃபோர்னியாவில் கட்டினார். தெருப்பக்கம் மூடிய சுவர். உள்ளே நுழைந்தால் வானம் பார்த்த முற்றம். தரைக்குள் பதித்த வெந்நீர்க் குழாய்களால் குளிர்காலத்தில் இதமான சூடு. பணம் கொடுத்து வாங்க வல்லவர் எவராயினும் இன வேறுபாடின்றி விற்றார். அண்டை வீட்டார் எதிர்த்தபோது, விருப்பமில்லாதவரின் வீட்டைத் தாமே திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தார் என்பர். வீடு கட்டுவோரின் தேசியச் சங்கம் இப்பாகுபாட்டை எதிர்க்க மறுத்ததால் 1958இல் அதிலிருந்து விலகினார். வீடு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் நாடு தழுவிய சட்டம் வந்தது 1968இல்தான்!

இவ்வீடுகளைக் கலையறிவற்ற பெட்டிகள் என்று ஏளனம் செய்தோரும் பலர். அச்சில் வார்த்தாற்போல் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டவற்றைப் பார்த்தால் அக்கூற்றில் ஓரளவு நியாயமும் தெரிகிறது. ஆயினும் பொதுவாக 50 ஆண்டுகள் கடந்த கட்டடங்களையே ஏற்கும் அமெரிக்கத் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில், பாலோ ஆல்டோ நகரின் ஐக்லர் குடியிருப்புகள் இரண்டு 2005இல் இடம்பெற்றன. அந்நகரில் இன்று நிலத்தின் விலை வீட்டின் விலையை விழுங்கிவிட்டது. வாங்குவோர் மாடி எழுப்ப விரும்புகின்றனர். எழுப்பினால் பக்கத்து வீட்டாரின் கண்ணாடிச் சுவருக்குள்ளும் முற்றத்திற்குள்ளும் பார்வை விழும். ஆகவே சில தெருக்களில் மாடி கட்டக் கூடாதென நகராட்சி விதி செய்துள்ளது. தேசியப் பதிவேடோ, சொந்தப் பணத்தில் தம் வீட்டை இடிக்கும் உரிமையாளரைத் தடுப்பதில்லை.