தொண்டைமான்னா எல்லாரும் ஒரே தொண்டைமானா? பட்டம், பெயர், வாரிசு பற்றி ஒரு குறிப்பு

துவாக்குடியில் எங்கள் பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வியோடு வந்தார். அவர் வீட்டில் 'தொண்டைமான்' என்பது தலைமுறையாக வரும் பட்டப்பெயர். பள்ளிக்கூடத்தில் கட்டபொம்மன் பாடம் நடந்த அன்று, "காட்டிக் கொடுத்த பரம்பரைடா நீ" என்று பையனை யாரோ கிண்டல் செய்திருக்கிறார்கள். பையன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறான். அதே வாரம் உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில், "நாமெல்லாம் புதுக்கோட்டை ராஜ வம்சம்" என்று ஒரு வம்சாவளிப் படத்தை அனுப்பியிருக்கிறார். "இதுல எதுங்க உண்மை?" என்று கேட்டார்.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறுதான். பெயர் ஒன்றாக இருந்தால் பரம்பரையும் ஒன்று என்று நினைத்துக்கொள்வது. இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உள்ளதில்லை. பிரிட்டனில் இதைத் தீர்ப்பதற்கென்றே ஏற்பாடுகள் செய்து வைத்திருக்கிறார்கள். அதை முதலில் பார்த்துவிட்டு வந்தால் நம்ம ஊர்க் கதை சுலபமாகப் புரியும்.

எந்த ஊர் மன்றோ?

பிரிட்டனில் பரம்பரைப் பட்டங்களின் கீழ்ப்படி 'பாரோனெட்'. பெயருக்கு முன் 'சர்' போட்டுக்கொள்ளலாம். ஆனால் இவர் பிரபு இல்லை, பிரபுக்கள் சபையில் இந்தப் பட்டத்துக்கு இடமும் கிடையாது. 1611-ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் இதைத் தொடங்கியதே பணத்துக்காகத்தான். அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதிக்கு 30 சிப்பாய்களை மூன்று வருடம் வைத்துக்கொள்ளும் செலவைப் பட்டம் வாங்குபவர் கொடுக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 8 பென்ஸ் என்று கணக்குப் போட்டால் 1,095 பவுண்டு வருகிறது. அதுதான் பட்டத்தின் விலை.

ஸ்மித், கேம்ப்பெல் போன்ற பெயர்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குடும்பங்கள் இந்தப் பட்டத்தை வாங்கின. எந்த ஸ்மித் என்று எப்படித் தெரியும்? பட்டத்தோடு ஓர் ஊரைச் சேர்த்துவிட்டார்கள். நமக்குத் தெரிந்த பெயரையே எடுத்துக்கொள்வோம். சென்னை தீவுத்திடல் பக்கம் அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, சர் தாமஸ் மன்றோ, அவர் சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோது 1825-ல் பாரோனெட் ஆனார். அது 'லிண்டர்டிஸ் மன்றோ' பட்டம். அதற்கு 191 வருடம் முன்பே, 1634-ல், 'ஃபவுலிஸ் மன்றோ' என்று வேறொரு பாரோனெட் பட்டம் ஸ்காட்லாந்தில் இருந்தது. குடும்பப் பெயர் ஒன்று, பட்டங்கள் இரண்டு, வாரிசு வரிசைகளும் இரண்டு. ஒரு வரிசையில் ஆண் வாரிசு இல்லாமல் போனால், பெயர் ஒன்றுதானே என்று மற்ற வரிசைக்காரர் போய் நிற்க முடியாது.

இன்னொன்று, பிறப்பு மட்டும் போதாது. பாரோனெட்டுகளுக்கு என்று ஓர் அதிகாரப்பூர்வப் பதிவேடு 1910-லிருந்து இருக்கிறது. வாரிசு என்பதை நிரூபித்து அதில் பெயர் ஏறினால்தான் அரசு அவரைப் பாரோனெட் என்று அழைக்கும்.

மூன்று தொண்டைமான்கள்

இப்போது நம் பக்கம் வருவோம். 'தொண்டைமான்' என்றால் தொண்டை நாட்டுத் தலைவன். சங்க காலத்தில் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன், அதியமானுக்காக ஔவையார் தூது போன தொண்டைமான் எல்லாம் இந்தப் பொருளில் வருபவர்கள். பல நூற்றாண்டு கழித்துக் குலோத்துங்க சோழனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் வருகிறார், கலிங்கத்துப்பரணி பாடும் படைத்தலைவர். இளந்திரையனுக்கும் இவருக்கும் இரத்த உறவு என்று யாரும் சொல்வதில்லை. அரசன் கொடுத்த பட்டம் அது.

பிரிட்டனில் பெயர் வேறு, பட்டம் வேறு. மன்றோ என்பது பெயர், பாரோனெட் என்பது பட்டம். நம்மிடம் பட்டமே பெயராகிவிட்டது. தொண்டைமான், பல்லவராயர், மழவராயர், காலிங்கராயர் எல்லாமே ஒரு காலத்தில் யாரோ ஓர் அரசன் யாரோ ஒரு தலைவனுக்குக் கொடுத்தவை. பிறகு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு, கிளை பிரிந்து, கடைசியில் கல்யாணப் பத்திரிகையில் போடும் பட்டப்பெயராக நிற்கின்றன.

திருச்சிக்குத் தெற்கே மட்டும் ஆட்சி செய்த தொண்டைமான் வரிசைகள் மூன்று.

ஒன்று, அறந்தாங்கித் தொண்டைமான்கள். 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் இவர்கள் பெயர் வருகிறது. புதுக்கோட்டை அரச வரிசையை விட மூத்தவர்கள்.

இரண்டு, புதுக்கோட்டை. இந்த வரிசை 1686-ல் இரகுநாத ராயத் தொண்டைமானிலிருந்து தொடங்குகிறது. அவருடைய தங்கை காதலி நாச்சியாரை இராமநாதபுரம் கிழவன் சேதுபதி மணந்தார். அந்த உறவில்தான் புதுக்கோட்டைப் பகுதி தொண்டைமான் கைக்கு வந்தது.

மூன்று, குளத்தூர். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில், கீரனூர் பக்கம் இருக்கிற அதே குளத்தூர்தான். இரகுநாதரின் தம்பி நமனத் தொண்டைமான் திருச்சி நாயக்கரிடம் இருந்தவர், இந்தப் பாளையம் அவருக்குக் கிடைத்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பட்டம் ஒன்று, ஆனால் ஆட்சி தனித்தனி. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் குளத்தூர் புதுக்கோட்டையோடு சேர்ந்தது, அந்த வரிசை அதோடு முடிந்தது.

ஆகவே 'தொண்டைமான்' என்று ஒரு பழைய ஆவணத்தில் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது எந்த ஊர்த் தொண்டைமான் என்று. அடுத்தது, எத்தனையாவது தொண்டைமான். புதுக்கோட்டையில் இரகுநாத, விஜய ரகுநாத என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். வருடத்தைப் பார்க்காமல் படித்தால் தாத்தா செய்ததைப் பேரன் தலையில் போட்டுவிடுவோம்.

பட்டத்துக்காக மாறிய பெயர்கள்

பெயரும் பரம்பரையும் ஒன்றுதான் என்று இன்னும் தோன்றினால் இந்த இரண்டு சங்கதிகளைப் பாருங்கள்.

திருச்சி தெப்பக்குளம் கரையில் கிளைவ் வீடு தெரியும்தானே. அந்த இராபர்ட் கிளைவின் பேரன் 1807-ல் 'கிளைவ்' என்ற குடும்பப் பெயரையே விட்டுவிட்டு 'ஹெர்பர்ட்' ஆகிவிட்டார். தாய்வழி மாமாவின் சொத்து அவருக்கு வரவேண்டும், அதற்கு உயில் வைத்த நிபந்தனை அது. இந்தியாவையே பிடித்துக் கொடுத்த பெயரை ஒரு சொத்துக்காகக் கழற்றி வைத்தாயிற்று.

பம்பாயில் நேர்மாறு. 1857-ல் இந்தியர்களில் முதல் பாரோனெட் ஆனவர் பார்சி வியாபாரி சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய். பார்சிகளிடம் அப்போது நிலையான குடும்பப் பெயர் கிடையாது, நம்மைப் போலவே அப்பா பெயரைத்தான் பின்னால் போடுவார்கள். அப்படியானால் மகன் பட்டத்துக்கு வரும்போது பெயரே வேறாகிவிடுமே? 1860-ல் இதற்கென்று ஒரு சட்டமே போட்டார்கள். பட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்றே பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். மகன் கர்செட்ஜி அப்படித்தான் இரண்டாம் ஜம்ஷெட்ஜி ஆனார்.

தத்துப்பிள்ளை வாரிசா?

துவாக்குடியில் நின்று கிழக்கே பார்த்தால் தஞ்சாவூர் சாலை. தெற்கே போனால் புதுக்கோட்டைச் சீமை. 19ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டு ஊருக்கும் ஒரே பிரச்சினை வந்தது, அரசருக்கு ஆண் பிள்ளை இல்லை. முடிவு மட்டும் வேறு வேறு.

தஞ்சை மராட்டிய மன்னர் சிவாஜி 1855-ல் இறந்தார். மகள்கள் இருந்தும் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. அரசு பட்டம் போனதோடு மன்னரின் சொந்தச் சொத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டு சென்னையில் ஜெயித்தார். லண்டன் பிரிவி கவுன்சில் 1859-ல் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அரசு தன் அதிகாரத்தால் செய்ததை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

1857 கலகத்துக்குப் பிறகு பிரிட்டிஷாரின் கொள்கை மாறியது. 1862-ல் புதுக்கோட்டைக்குத் தத்தெடுக்கும் உரிமைச் சனது கிடைத்தது. இராமச்சந்திரத் தொண்டைமானுக்கு உயிரோடு ஆண் வாரிசு இல்லாததால் மகள் வயிற்றுப் பேரனைத் தத்தெடுத்தார். அவர்தான் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். 1886-ல் பத்து வயதில் பட்டத்துக்கு வந்தார். கவனிங்க, தந்தை வழியில் இவர் பல்லவராயர். தத்துதான் அவரைத் தொண்டைமான் ஆக்கியது. பிரிட்டனில் இது நடக்காது. அங்கே தத்துப்பிள்ளைக்கு வீடு வாசல் எழுதி வைக்கலாம், பரம்பரைப் பட்டம் போகாது.

சொந்த மகன் இருந்தும் பட்டம் கிடைக்காமல் போனதும் இதே மார்த்தாண்டர் கதைதான். 1915-ல் ஆஸ்திரேலியாவில் மாலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். அடுத்த வருடம் மகன் பிறந்தான், மார்த்தாண்ட சிட்னி. பிரிட்டிஷ் அரசு அந்தப் பிள்ளையை வாரிசாக ஏற்க மறுத்தது. மார்த்தாண்டர் நாட்டை விட்டே போய், 1928-ல் பாரிஸில் இறந்தார். அரசுப் பட்டம் அரச குடும்பத்தின் இன்னொரு கிளையில் பிறந்த ஆறு வயது இராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போனது.

ஆக, மகள் வழிப் பேரன் தொண்டைமான் ஆனார், அவர் பெற்ற மகன் ஆக முடியவில்லை. இரத்தம் மட்டும் முடிவு செய்திருந்தால் இப்படி நடந்திருக்குமா? மேலே இருந்த அதிகாரம் யாரை ஒப்புக்கொண்டதோ அவரே வாரிசு. தஞ்சாவூரில் நடந்ததும் அதுதான்.

பட்டம் முடிந்தது, பெயர் இருக்கிறது

1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 1974-ல் தனி மாவட்டம் ஆயிற்று. அரண்மனைதான் இப்போது கலெக்டர் ஆபீஸ். அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடுத்தது. 1971-ல் 26ஆம் திருத்தம் முன்னாள் அரசர்களுக்கான அங்கீகாரத்தையும் மன்னர் மானியத்தையும் எடுத்துவிட்டது. பிரிட்டனில் பாரோனெட் பதிவேடு இன்னும் இருக்கிறது, நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. இன்றைக்குத் தொண்டைமான் என்பது வெறும் பெயர்தான்.

அந்தப் பெயர் போய்ச் சேர்ந்த இடங்களைப் பாருங்கள். கோயில்களைப் பற்றி எழுதிய ஐ.ஏ.எஸ். அதிகாரி பாஸ்கரத் தொண்டைமான் திருநெல்வேலிக்காரர். அவருடைய தம்பிதான் இடதுசாரி எழுத்தாளர் தொ.மு.சி. ரகுநாதன். அண்ணன் பெயரில் தொண்டைமான் முழுதாக நிற்கிறது, தம்பி பெயரில் 'தொ.' என்ற ஒரு முதலெழுத்துக்குள் அடங்கிவிட்டது. இலங்கையில் சௌமியமூர்த்தி தொண்டமான் தோட்டத் தொழிலாளர் சங்கத்தால் தலைவரானார். அவருக்கு வந்த செல்வாக்கு தொழிற்சங்கத்தில் சம்பாதித்தது.

நண்பருக்குச் சொன்னது

வாட்ஸ்அப் வம்சாவளிக்கு நாலு கேள்வி கேளுங்க என்றேன். எந்த ஊர் வரிசை? எத்தனையாவது தலைமுறையில் உங்கள் கிளை பிரிந்தது? பிறப்பாலா, தத்தாலா? இதற்குப் பத்திரமோ கல்வெட்டோ கோயில் கணக்கோ என்ன ஆதாரம்? நாலில் ஒன்றுக்காவது பதில் இல்லை என்றால் அது வெறும் படம்தான். அவர் படத்தில் ஒன்றுக்கும் பதில் இல்லை. இளந்திரையனிலிருந்து நேராக ஒரு கோடு இழுத்து நண்பரின் கொள்ளுத்தாத்தாவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

பையனுக்கும் அதே பதில்தான். 1799-ல் கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது அப்போது புதுக்கோட்டையை ஆண்ட விஜய ரகுநாதத் தொண்டைமானின் அரசு. அந்தச் செயலை எடைபோட வேண்டுமென்றால் அந்த மன்னரை, அந்த வருடத்தை, கம்பெனியோடு அவருக்கிருந்த கூட்டணியை வைத்துப் பேச வேண்டும். அந்தப் பெயரை வைத்திருக்கிற அத்தனை பேரும் அதற்குப் பொறுப்பில்லை. அந்த ராஜா வீட்டில் நேராகப் பிறந்த பிள்ளையே ஆனாலும் பொறுப்பில்லை.

நண்பர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ ராஜ வம்சமும் இல்லையா?" என்றார், லேசான வருத்தத்தோடு. ஆதாரம் கிடைத்தால் பார்க்கலாம், அதுவரைக்கும் பெருமையையும் பழியையும் சேர்த்தே இறக்கி வைங்க, பையனாவது நிம்மதியா பள்ளிக்கூடம் போவான் என்றேன். வம்சாவளிப் படத்தை அவர் இன்னும் அழிக்கவில்லை. ஆனால் கொள்ளுத்தாத்தாவின் ஊர் எது என்று உறவினர்களிடம் விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார்.