ஈரத் தலையும் லயத்து மின்சாரமும்

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்து லயம். அடுப்படிக்குப் பக்கத்தில் கதிரை போட்டுப் பதினாறு வயது மகளை உட்கார வைத்து, தாய் ஹெயார் ட்ரையரால் அவளது கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தார். உள்ளே நுழையும்போதே கருகல் மணம்.

"முடி காயவே மாட்டேங்குது மிஸ். கிட்டப் பிடிச்சா நுனி பொரியுது. தள்ளிப் பிடிச்சா புள்ளைக்குக் குளிருது" என்றார்.

இந்த அக்கா 1983 வன்செயலுக்குப் பிறகு பெற்றோருடன் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறியவர். 2009 இல் செட்டிகுளம் முகாமில், குளிக்கத் தண்ணீர் இல்லாமல், பேன் தொல்லை தாங்காமல், இடுப்பளவு கூந்தலைத் தானே வெட்டிக்கொண்டார். கணவர் திரும்பி வரவில்லை. பின்னர் வாழ்வாதார உதவியாக அழகுக்கலைப் பயிற்சியும் ஒரு ட்ரையரும் கிடைத்தன. இப்போது சித்தப்பாவின் லயத்தில் இருந்துகொண்டு வாரநாட்களில் கொழுந்து பறிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சடங்கு வீடு, கல்யாண வீடுகளில் தலை அலங்காரம் செய்கிறார். ஒரு மணப்பெண்ணின் முடி கருகினால் அடுத்த வீட்டில் அவரைக் கூப்பிட மாட்டார்கள். அந்தப் பயம் அவருக்கு இருந்தது.

நான் சமூகவியல் படித்தவள். முடியைப் பற்றித் தெரிந்தவள் அல்ல. ஆகவே தேடிப் படித்தேன்.

வன்னி வெயிலில் முழுகிவிட்டு முற்றத்தில் நின்றாலே தலை காய்ந்துவிடும். மலையகம் அப்படியல்ல. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். மே கடைசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை விடாது. தலை நனைந்தால் பொழுதுபட்டாலும் ஈரம் போகாது. அந்த ஈரத் தலையை முடிந்து, துணி போட்டு, அதன் மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டுதான் எமது பெண்கள் மலை ஏறுகிறார்கள். ஈரமான முடி இழுபடும், சீக்கிரம் அறுந்தும் போகும். கயிறு அழுத்தும் இடத்தில் முடி மெலிந்துபோன பெண்களை எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள்.

"மெசின் சூடு முடிக்குக் கேடு, தானாகக் காய்வதே நல்லது" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 2011 இல் தென்கொரியத் தோல் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. ட்ரையரை 5 சென்ரிமீற்றர் கிட்டப் பிடித்தபோது முடியில் 95 பாகைச் சூடு ஏறி, மேற்புறம் மோசமாகச் சிதைந்தது. 15 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தபோது சூடு 47 பாகைதான். மேற்புறத்தில் பாதிப்பு குறைவு. சூடே காட்டாமல் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஈரமாகக் கிடந்து காய்ந்த முடியிலோ, உள்ளே செல்களை ஒட்டிவைத்திருக்கும் படை பழுதடைந்திருந்தது. அந்த ஆய்வுகூடத்தின் வெப்பநிலை 20 பாகை, எமது லயத்தை விடச் சற்றே சூடு.

கருகல் மணத்துக்கும் காரணம் கிடைத்தது. சொட்டச் சொட்ட நனைந்த முடியில் கடுஞ்சூடு பட்டால் முடிக்குள் இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழி விடும். அந்த இடத்தில் முடி முறியும். ஆகவே பாதி வேலையைத் துவாய் செய்ய வேண்டும். தேய்க்காமல், பழைய பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுங்கள். அரைவாசி காய்ந்த பிறகு, ஒரு சாண் தள்ளி, நடுத்தரச் சூட்டில், வேரிலிருந்து நுனிப் பக்கமாகக் காற்றைப் பிடியுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தக்கூடாது. சிக்கெடுக்கப் பல் அகன்ற சீப்பு போதும். பிள்ளைக்குக் குளிராமல் தோளில் ஒரு காய்ந்த துவாயைப் போட்டுவிடுங்கள்.

முழுகுவதற்கு முன் தேங்காயெண்ணெய் வைப்பது எங்கள் அம்மாக்களின் பழக்கம். அது முடியின் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003 இல் ஓர் இந்திய ஆய்வு வெளியானது. எண்ணெய் விற்கும் கம்பனியின் ஆய்வாளர்கள்தான் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுப்பருகே குனிந்து முடி காயவைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு தீப்பொறி போதும்.

எனக்கு முடியை விடப் பெரிய கவலை சுவரில் இருந்தது. அக்கா பக்கத்து வீட்டிலிருந்து மெல்லிய வயர் இழுத்து, அதில் மல்ட்டி பிளக்கைச் செருகியிருந்தார். 1,200 வாட் ட்ரையர் ஒன்று, 9 வாட் பல்புகள் நூற்று முப்பது எரிவதற்குச் சமமான மின்சாரத்தை இழுக்கும். வயரைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு. லயத்தில் ஒரு காம்பராவில் தீ பிடித்தால் அந்த வரிசையே போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பத்து நிமிடம் பிடித்தாலும் மின்கட்டணத்தில் கால் யூனிட்கூட ஆகாது. ஆபத்து வயரிலும் தளர்ந்த பிளக்கிலும்தான் இருக்கிறது. சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். ஈரக் கையோடும், ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடும் தொடாதீர்கள். ட்ரையரின் பின்புறத்தில் சிக்கும் முடியையும் தூசியையும் வாரம் ஒருமுறை, பிளக்கைக் கழற்றிவிட்டு எடுங்கள். காற்று அடைபட்டால் மெசின் கொதிக்கும். பாதுகாப்புக்கு 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேண்டும்.

"அதுக்குக் காசு?" என்றார் அக்கா. எனது நிறுவனத்திடம் கேட்டேன், அந்தத் திட்டம் முடிந்துவிட்டதாம். ட்ரையர் கொடுக்கும்போது அதை எந்தப் பிளக்கில் செருகுவார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கடைசியில் அவரே வழி கண்டார். மகளிர் சங்கத்தில் கடன் எடுத்துச் சாமான் வாங்கி, டவுனிலிருந்து உரிமம் உள்ள மின் வேலைக்காரரைக் கூட்டி வந்தார். வந்தவர் புது வயரும் ட்ரிப் சுவிட்சும் போட்டுவிட்டு, கூலியில் பாதியைக் கழித்துக்கொண்டு, தன் மகளின் சடங்குக்குத் தலை அலங்காரம் செய்து தரச் சொன்னாராம்.

போன வாரம் போனபோது மகள்தான் நின்றுகொண்டிருந்தாள். கதிரையில் அக்கா. தோளைத் தாண்டி வளர்ந்திருந்த முடி. "தள்ளிப் பிடிடி" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.