திசைவேகம் அறிந்தவருக்கு ஆங்கிலம் தடையா?

தமிழில் அறிவியல் பயின்று, கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலைத் திறக்கும் மாணவ நண்பரே! சொல் தெரியாததைப் பொருளே தெரியாததாக எண்ணி, வகுப்பில் வாய்மூடி இருந்துவிடுகிறீர்கள் அல்லவா?

ஒரு பேருந்து பாரிவாக்கம் சந்திப்பில் மணிக்கு 20 கி.மீ. வேகம் குன்றாமல் திரும்புவதாகக் கொள்வோம். அதன் திசைவேகம் மாறுகிறதா? ஆம்; திசை மாறுகிறதே! விடை சொல்லிலேயே இருக்கிறது. 'வெலாசிட்டி' என்ற சொல்லில் திசையைப் பற்றிய குறிப்பே இல்லை. அதன் இலத்தீன் மூலத்துக்கு விரைவு என்றுதான் பொருள்.

உண்மையான இடர், தெரிந்த சொற்களில்தான் உள்ளது. 'மொமென்ட்' வழக்கில் கணநேரம், இயற்பியலில் திருப்புத்திறன். 'கப்பிள்' வழக்கில் தம்பதி. இயற்பியலில் சமமான, எதிரெதிரான இரு இணைவிசைகள்.

வழி என்ன? குறிப்பேட்டில் ஆங்கிலச் சொல், தமிழ்ச்சொல், நீங்களே அமைத்த ஓர் ஆங்கில வாக்கியம் என எழுதி வாருங்கள். நாளுக்கு 5 சொற்கள் என்றால் 20 நாளில் 100.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியிலும் தொடங்கியது. எனினும் ஆய்விதழ்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. ஆகவே, செய்முறைத் தேர்வில் வினா எழும்போது தமிழில் எண்ணுங்கள். சிறுசிறு ஆங்கில வாக்கியங்களில் விடை கூறுங்கள். அறிந்த விடைக்குரிய மதிப்பெண்ணை மௌனத்தால் இழக்காதீர்கள்.