மரங்கள் பிரிந்த கதை – 9: குளிருக்குக் கொடுத்த விலை

ஒரே மூதாதையின் வழிவந்த மரங்கள் தனித்தனி இனங்களாகப் பிரிவதற்கு நடுவே மலையோ கடலோ குறுக்கிட்டதுதான் காரணம் என்பது வழக்கமான விளக்கம். தீவுகளுக்கு அது பொருந்தும். ஆனால் அமெரிக்கக் கண்டத்தின் லைவ் ஓக் மரங்களுக்கு அது போதவில்லை. மற்ற ஓக்குகள் பல மொட்டையாக நிற்கும் பனிக்காலத்திலும் பச்சை மாறாத இவற்றில் மொத்தம் 7 இனங்கள் உண்டு. வர்ஜீனியானா என்ற இனம் அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரத்தில் வளர்கிறது. ஓலியாய்டிஸ் மெக்சிகோவிலிருந்து கோஸ்டா ரிகாவின் வறண்ட காடுகள் வரை பரவியிருக்கிறது. முன்னது உறைபனியில் அடிபட்டு வாழ்வது. பின்னதன் தென்னெல்லைக் காடுகள் உறைபனியே அறியாதவை. இவற்றைப் பிரித்து வைத்திருப்பதில் தூரத்தைவிடக் குளிருக்கே பெரிய பங்கு என்பது என் வாதம்.

தண்டுக்குள் நீர் ஏறும் நுண்குழாய்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். குழாயில் உள்ள நீர் உறையும்போது அதில் கரைந்திருந்த காற்று குமிழிகளாகப் பிரிகிறது. பனி உருகும்போது அந்தக் குமிழிகள் விரிந்து நீரோட்டத்தையே அறுத்துவிடக்கூடும். குழாய் அகலமாக இருந்தால் குமிழியும் பெரிது, ஆபத்தும் அதிகம். குறுகலான குழாய் தப்பித்துக்கொள்ளும். ஆனால் விட்டம் பாதியானால் அது கடத்தும் நீர் 16-இல் ஒரு பங்காகிவிடும். நீர் குறைந்தால் வளர்ச்சியும் குறையும். ஆகவே பனியைத் தாங்கும் மரம் வெப்பமண்டலக் காட்டில் வேகமாக வளரும் மரங்களோடு போட்டியிட முடியாது. வேகமாக வளரும் மரம் வடக்கே பிழைக்காது. இரண்டிலும் ஒரே மரம் முந்த முடியாது என்பதால்தான் வழி பிரிகிறது.

வளரும் இடத்துக்கேற்ப எந்த மரமும் மாறிக்கொள்ளும், இதற்கு மரபு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜீனைன் கேவெண்டர்-பேர்ஸும் சக ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் அதற்கு விடை இருக்கிறது. 4 இனங்களின் விதைகளைப் பல இடங்களிலிருந்து திரட்டி, ஒரே மாதிரியான சூழலில் வளர்த்தார்கள். வெப்பச் சூழலில் விரைந்து வளர்ந்தவையே உறைபனியை மோசமாகத் தாங்கின. விதை வந்த ஊரின் கடுங்குளிர் எவ்வளவோ, அந்த அளவுக்குக் கன்றின் தாங்குதிறனும் இருந்தது. சூழல் ஒன்றாக இருந்தும் வேறுபாடு நிலைத்தது என்றால், அது விதையிலேயே வந்ததுதான்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது: இந்த ஓக்குகள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை, பிறகெப்படித் தனி இனங்கள்? ஃபுளோரிடாவில் வர்ஜீனியானாவும் ஜெமினாட்டா என்ற இன்னொரு லைவ் ஓக் இனமும் அக்கம்பக்கத்தில் வளர்கின்றன. இடையே மலையும் இல்லை, கடலும் இல்லை. ஆனால் ஜெமினாட்டாவின் இலையைத் திருப்பிப் பாருங்கள். விளிம்புகள் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும், அடிப்புறம் மென்மயிர் அடர்ந்திருக்கும். மழைநீர் நிற்காமல் இறங்கிவிடும் மணல்மேட்டில் ஈரத்தைக் காக்கும் இலை அது. மழை இரண்டுக்கும் ஒன்றே. வேருக்குக் கிடைப்பதுதான் வேறு; இங்கே பிரிப்பது குளிரல்ல, மண்ணின் ஈரம். பூப்பதிலும் ஜெமினாட்டா சில வாரங்கள் பிந்துகிறது, அதனால் மகரந்தம் கலப்பது குறைகிறது. அவ்வப்போது கலந்தும் இரண்டும் ஒன்றாகிவிடவில்லை என்பது சூழலின் பிடி எவ்வளவு வலியது என்பதையே காட்டுகிறது.

இப்போது புவி வெப்பமாகிறது, தெற்கத்திய விதைகளை வடக்கே நட்டுவிடலாம் என்ற யோசனை எழுகிறது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. வடக்கு லைவ் ஓக்குகளையும் தெற்கு லைவ் ஓக்குகளையும் பிரித்தது ஆண்டுச் சராசரி வெப்பநிலை அல்ல, எப்போதோ வந்து தாக்கும் கடுங்குளிர். ஓலியாய்டிஸை டெக்சாஸில் நட நினைப்பவர்கள் 2021 பிப்ரவரியில் அந்த மாநிலத்தை உறையவைத்த வாரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டே விதை தேர்ந்தெடுக்க வேண்டும்.