மூன்றாவது நாற்காலி

அறையில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் மனநல ஆலோசகர், எதிரே பதினான்கு வயதுப் பெண், பக்கத்தில் அவளுடைய அம்மா. ஆலோசகருக்கு ஸ்பானிஷ் வராது. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. “வீட்டில் நீ எப்படி இருக்கிறாய் என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லம்மா” என்கிறார் ஆலோசகர். பெண் கேட்கிறாள். அம்மா மளமளவென்று பேசுகிறார். இடையில் குரல் கம்முகிறது. கைப்பையைத் துழாவிக் கைக்குட்டையை எடுக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகள் ஆலோசகரிடம் சொல்வது ஒரே வரி: “நான் சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.”

அமெரிக்காவில் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிய காட்சி. வீட்டுக்காரர் அனுப்பிய நோட்டீஸ், வங்கிக் கடிதம், தம்பியின் பள்ளிக்கூட மீட்டிங் என்று எட்டு வயதிலிருந்தே பெற்றோருக்கு வாயும் காதுமாக இருந்த பிள்ளை, கடைசியில் தன் மனநோவையும் தானே மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. மத்திய அரசின் பணத்தைப் பெறும் மருத்துவ நிலையங்கள், அவசர நேரம் தவிர, சிறு பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக உட்கார்த்தி வைக்கக் கூடாது என்று 2016-லேயே விதி வந்துவிட்டது. ஆனால் அந்த விதியை நடத்திக் காட்ட ஆள் வேண்டுமே? அமெரிக்க உளவியல் சங்கம் 2015-ல் எடுத்த கணக்கில், ஸ்பானிஷில் சிகிச்சை தர முடியும் என்று சொன்ன உளவியலாளர்கள் 5.5 சதவீதம்தான்.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு 2020-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கே போதும். லத்தீனோக்கள் 6.2 கோடிப் பேர். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நான்கில் ஒருவர். சிடிசி எனப்படும் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்கெடுக்கிறது. 2021-ல், விடாத சோகத்திலும் நம்பிக்கையின்மையிலும் இருப்பதாகச் சொன்ன ஹிஸ்பானிக் (லத்தீனோக்களுக்கு அரசுக் கணக்குகளில் உள்ள பெயர்) மாணவர்கள் 46 சதவீதம். எல்லா மாணவர்களையும் சேர்த்தால் 42. மாணவிகளை மட்டும் எடுத்தால் 57.

‘லத்தீனோ’ என்கிற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனையோ பேர் அடங்குகிறார்கள். பிறவியிலேயே அமெரிக்கக் குடியுரிமை உள்ள புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள், மூன்று தலைமுறையாக டெக்சஸில் வாழும் மெக்சிகோ வம்சத்தார், நேற்று எல்லை தாண்டி வந்த ஹோண்டுராஸ் குடும்பம், எல்லோருக்கும் இதே பெயர்தான். குவாத்தமாலாவிலிருந்து வந்த மாயா பழங்குடிப் பிள்ளைகள் சிலரின் வீட்டில் ஸ்பானிஷே தாய்மொழி இல்லை. மாம், கிச்சே போன்ற மொழிகள்தான். ஸ்பானிஷ் துண்டறிக்கை ஒன்றை அச்சடித்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது.

இந்தப் பிள்ளைகளில் பெண்கள் நிலைமை முப்பது வருஷமாகவே எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருக்கிறது. 1995-ம் ஆண்டு சிடிசி கணக்கெடுப்பில், முந்தைய ஒரு வருஷத்தில் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்ன ஹிஸ்பானிக் மாணவிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இது ஏன் என்று விடாமல் தேடியவர் லூயிஸ் ஸாயாஸ் என்ற சமூகப்பணிப் பேராசிரியர். தற்கொலைக்கு முயன்ற நூற்றுக்கு மேற்பட்ட லத்தீனா பெண்களையும், அப்படி முயலாத பெண்களையும், அவர்களுடைய பெற்றோரையும் சந்தித்துப் பேசிய அனுபவத்திலிருந்து 2011-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்ட காரணங்களில் முக்கியமானது, தாய்க்கும் மகளுக்கும் இடையே அற்றுப்போன பேச்சு. பெரும்பாலும் அந்த முயற்சிக்கு முன்னால் வீட்டில் ஒரு சண்டை நடந்திருக்கிறது: எங்கே போனாய், யாரோடு போனாய், ஏன் நேரமாயிற்று என்கிற சண்டை. அம்மா வளர்ந்த ஊரில் அது அக்கறை. மகள் படிக்கும் பள்ளியில் அதற்குப் பெயர் அடக்குமுறை. இருவரும் அவரவர் அளவில் நியாயமாகத்தான் பேசுகிறார்கள், அதுதான் கொடுமை.

இந்தக் குடும்பங்களில் பெண்ணுக்குப் பதினைந்து வயது ஆனதும் ‘கின்சியன்யேரா’ என்று பெரிய கவுன், கிரீடம், தேவாலயப் பூசை, அப்பாவோடு முதல் நடனம் என்று கொண்டாடுகிறார்கள். குடும்பம் கடன் வாங்கியாவது செய்யும் விழா அது. அதே பதினைந்தை ஒட்டிய வயதில்தான் இந்தப் பெண்கள் மனசுக்குள் மிகத் தனியாகவும் இருக்கிறார்கள்.

நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் பகுதியில் 2008-ல் ‘லைஃப் இஸ் ப்ரெஷியஸ்’ என்ற மையம் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். தொடங்கியவர் ரோசா ஹில். கியூபாவில் பிறந்தவர், நியூயார்க் நகரப் பொது மருத்துவமனைக் கழகத்தின் தலைவராக இருந்தவர், லத்தீனா பெண்கள் கன்னி மரியாளைப் போல எல்லாவற்றையும் பொறுத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்கும் ‘மரியானிஸ்மோ’ மனப்போக்கைப் பற்றி 1996-ல் இன்னொருவரோடு சேர்ந்து நூல் எழுதியவர். பெரிய மருத்துவமனைகளை நிர்வகித்துப் பார்த்த ஒருவர் இன்னொரு மருத்துவமனையைத் திறக்காமல், பள்ளி விட்டதும் பெண்கள் நடந்து வரக்கூடிய ஓர் இடத்தைத் திறந்தார் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

அங்கே சிகிச்சை கிடையாது. வருகிற ஒவ்வொரு பெண்ணும் வேறொரு கிளினிக்கில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மருந்தையும் ஆலோசனையையும் கிளினிக் பார்த்துக்கொள்ளும். மையத்தில் அவளுக்குக் கிடைப்பது ஓவியம், இசை, உடற்பயிற்சி, சமையல், கணக்குப் பாடத்துக்கு உதவி, பக்கத்தில் உட்கார அதே அனுபவம் உள்ள இன்னொரு பெண். அம்மாக்களுக்கும் கூட்டம் உண்டு. தாயும் மகளும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயத்தை நடுவில் ஒருவர் இருந்து, ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலுமாகப் பேச வைக்கிறார். பள்ளியில் மதிப்பெண் விழுவதும் மனசு விழுவதும் ஒன்றை ஒன்று இழுக்கும் என்று தெரிந்தவர்கள் போட்ட திட்டம் இது. கணக்கு வாத்தியாரை மனநலத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! ஆய்வாளர்கள் இந்தப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து, தற்கொலை எண்ணமும் மனச்சோர்வும் குறைந்து வருவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ப்ராங்க்ஸில் தொடங்கியது பிறகு ப்ரூக்ளின், குவீன்ஸ் என்று பரவியது.

ஆனால் பரவுவதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் முடிச்சு விழுகிறது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டு, உரிமம் பெற்ற ஒருவர் கிளினிக்கில் செய்யும் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும். ஓவிய வகுப்புக்கும், மாலைச் சாப்பாட்டுக்கும், வீட்டுப்பாட உதவிக்கும் கொடுக்காது. அவற்றுக்கு மாநில நிதி, நகர சபை நிதி, நன்கொடை என்று வருஷா வருஷம் கையேந்த வேண்டும். அந்தப் பெண்ணை அடுத்த நாளும் மையத்துக்கு இழுத்து வருவது எதுவோ, அதற்குத்தான் கணக்குப் புத்தகத்தில் இடம் இல்லை.

பண்பாட்டை மருந்தோடு சேர்ப்பது புதுச் சிந்தனையும் அல்ல. 1980-களில் ப்ரூக்ளினில், ஜூசெப்பே கொஸ்தான்தினோவும் அவருடைய சகாக்களும் புவேர்ட்டோ ரிக்கோ நாட்டுப்புறக் கதைகளை வைத்துச் சிறுவர்களுக்கு ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். ஸ்பானிஷில் கதைக்கு ‘குவென்தோ’ என்று பெயர். முறைக்கும் அதுவே பெயரானது. கதையைச் சொல்வார்கள், பிள்ளைகளும் அம்மாக்களும் சேர்ந்து நடித்துப் பார்ப்பார்கள், அதில் வரும் பயத்தையும் கோபத்தையும் பற்றிப் பேசுவார்கள். 1986-ல் வெளியான அவர்களது ஆய்வில், கதை கேட்ட பிள்ளைகளிடம் பதற்றம் குறைந்திருந்தது. பின்னர் விடலைப் பருவத்தினருக்காக நாட்டுப்புறக் கதைகளின் இடத்தில் புவேர்ட்டோ ரிக்கோவின் புகழ்பெற்ற ஆண்கள், பெண்களின் வாழ்க்கை வரலாறுகளை வைத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் 1978-ல் தொடங்கிய ‘இன்ஸ்டிட்யூட்டோ ஃபமிலியர் தெ லா ராசா’வும் பண்பாடே குணமாக்கும் என்கிற நம்பிக்கையின் மேல் எழுந்ததுதான்.

மையத்துக்கு வர வழியில்லாத பிள்ளைக்கு? பள்ளிக்கூடத்துக்குள்ளேயே போகலாம் என்று காட்டியது கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ். தெருவில் துப்பாக்கிச் சூட்டையும் அடிதடியையும் பார்த்து மனம் உடைந்திருந்த 126 ஆறாம் வகுப்பு மாணவர்களை எடுத்துக்கொண்டு, பள்ளியின் மனநலப் பணியாளர்களே சிறு சிறு குழுக்களாகப் பத்து அமர்வுகள் நடத்தினார்கள். அதிர்ச்சி அறிகுறிகள் கணிசமாகக் குறைந்ததை 2003-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் வெளியிட்டது. பஸ் பிடித்து, அம்மா கூலி வேலைக்கு லீவு போட்டு, காப்பீட்டு அட்டையைத் தேடி எடுத்து ஒரு கிளினிக்குக்குப் போகும் பாட்டையெல்லாம் வகுப்பறைக்குப் பக்கத்து அறை ஒன்று இல்லாமல் செய்துவிடுகிறது.

இன்னொரு கை ‘ப்ரொமொதோரா’க்கள். அதே தெருவில் குடியிருக்கும், அதே தேவாலயத்துக்குப் போகும் சுகாதாரப் பணியாளர்கள். “அழுக்குத் துணியை வீட்டுக்குள்தான் துவைக்க வேண்டும்” என்பது ஸ்பானிஷ் பழமொழி. மனநலம் என்றதும் ‘பைத்தியமா?’ என்று கதவைச் சாத்தும் வீட்டில், ‘நெர்வியோஸ்’ என்று அவர்களே சொல்லும் நரம்புத் தளர்ச்சியைப் பற்றிப் பேச்சைத் தொடங்க ப்ரொமொதோராவுக்குத் தெரியும். கலிஃபோர்னியா 2022 ஜூலை முதல் இப்படிப்பட்ட சமூகச் சுகாதாரப் பணியாளர்களின் வேலைக்குத் தன் மெடிக்கெய்டிலிருந்தே பணம் தருகிறது. மற்ற மாநிலங்கள் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாம்.

இந்த வழிகளெல்லாம் தெரிந்திருந்தும் காற்று இப்போது எதிர்த்திசையில் அடிக்கிறது. 2022 மே 24 அன்று டெக்சஸின் யூவால்டியில், பெரும்பாலும் லத்தீனோ பிள்ளைகள் படித்த ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கடுத்த மாதமே நிறைவேறிய சட்டம், பள்ளிகளில் மனநலப் பணியாளர்களை நியமிக்க 100 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஏப்ரலில் மத்திய கல்வித் துறை ஏறக்குறைய அதே அளவு மானியங்களைத் தொடரப் போவதில்லை என்று அறிவித்தது. மாநிலங்கள் நீதிமன்றம் போயின. அதே ஆண்டு ஜனவரியில், பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் தேவாலயங்களிலும் குடியேற்ற அதிகாரிகள் பொதுவாக நுழையாமல் இருந்த ஏற்பாடும் ரத்தானது. அப்பாவுக்கு ஆவணம் இல்லை என்றால், மகளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போவதற்கு முன் அந்தக் குடும்பம் இரண்டு தடவை யோசிக்கும். மகளுக்கும் அது தெரியும். தன்னால் அப்பா பிடிபட்டுவிடக் கூடாது என்று அவள் தன் வலியை விழுங்கிக்கொள்வாள். ஆலோசகர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டுமே மனநலக் கொள்கை என்று எண்ணுகிறவர்கள் இந்த ஒரு பயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாவிட்டால், திறந்து வைத்த அறைகள் காலியாகத்தான் கிடக்கும்.

இதற்கு நடுவிலும் சின்னச் சின்னக் கதவுகள் திறந்திருக்கின்றன. 2022 ஜூலையில் தொடங்கிய 988 என்ற தேசிய மனநல உதவி எண்ணில், 2-ஐ அழுத்தினால் ஸ்பானிஷ் பேசுகிறவர் எடுப்பார். 2023 ஜூலை முதல் ஸ்பானிஷில் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உதவி என்று பொருள்படும் ‘அயூதா’ என்ற ஒரு சொல் போதும். ஐந்து பேர் படுத்துறங்கும் ஒற்றை அறை வீட்டில், பேச்சுச் சத்தம் கேட்காமல் உதவி கேட்க இது ஒரு வழி. இந்தத் தலைமுறைப் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம்தான் கைக்குச் சுலபமாக வருகிறது. ஸ்பானிஷ் எண் அதிகம் தேவைப்படுவது, மகளின் அறைக்கு வெளியே நின்று என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் அம்மாவுக்கு. அவர் 988-ஐ அழுத்தி, 2-ஐ அழுத்தி, தன் பாஷையில், எத்தனை நிமிஷம் வேண்டுமானாலும் பேசலாம். அந்தப் பேச்சை மகள் ஒரு வரியாக்கிச் சொல்ல வேண்டியதில்லை.