ஆறன்முளைக் கண்ணாடியும் வானத்துக் கண்ணாடியும்

திருவனந்தபுரம் நகரின் நடுவே, பாளையத்துக்கு அருகில் அமைந்த சிறு குன்று ஒன்றின்மேல் பழைமையான வானாய்வுக் கூடம் ஒன்று நிற்கிறது. இசைப் பாடல்கள் இயற்றிய மன்னராக நாம் அறிந்திருக்கும் சுவாதித் திருநாள், தம் இருபத்து நான்காம் வயதில், 1837-ஆம் ஆண்டில் எழுப்பிய கூடம் அது. ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்தவரும், வானியலில் பேரார்வம் கொண்டவருமான ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநராக அமர்ந்தார். அவர் இங்கிலாந்துக்குச் சென்று கருவிகளைத் தேர்ந்து வாங்கினார். டாலண்ட், ஜோன்ஸ், சிம்ஸ் முதலிய இலண்டன் கைவினைஞர்களின் பெயர் பொறித்த கருவிகள் கடல் கடந்து திருவிதாங்கூருக்கு வந்தன.

விண்மீன்களின் இடத்தை அளப்பதற்காக வந்த அக்கருவிகள் வில்லைகளைக் கொண்டு இயங்கியவை. அக்காலத்தில் வானத்தை நோக்க மற்றொரு வகைக் கருவியும் இருந்தது. அதில் ஒளியைத் திரட்டும் வேலையை வில்லைக்கு மாறாக ஓர் ஆடி செய்தது. எதிரொளிப்புத் தொலைநோக்கி எனப்படும் அதன் ஆடி கண்ணாடியால் ஆனதன்று; செம்பும் வெள்ளீயமும் உருக்கிச் சேர்த்த உலோகத்தால் ஆனது. ஏறத்தாழ அதே உலோகத்தை உருக்கி முகம் பார்க்கும் ஆடி செய்யும் குடும்பங்கள், அதே திருவிதாங்கூர் எல்லைக்குள், பம்பை ஆற்றங்கரையில் ஆறன்முளை என்னும் ஊரில் வாழ்ந்து வந்தன. இன்றும் வாழ்கின்றன. ஐரோப்பாவின் தொலைநோக்கிக் கலைஞர்கள் கைவிட்டு நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒரு தொழில்நுட்பம், நம் அண்டை மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் உயிரோடு இருக்கிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியாகும்.

வில்லையை விட்டு ஆடிக்கு

தொடக்ககாலத் தொலைநோக்கிகளின் வில்லைகளில் ஒரு குறை இருந்தது. அவை ஒளியை நிறங்களாகப் பிரித்தன. பார்க்கும் பொருளைச் சுற்றி வண்ண விளிம்பு படர்ந்தது. ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு இந்தக் குறை இல்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிரிகரி 1663-ஆம் ஆண்டில் ஆடித் தொலைநோக்கிக்கான அமைப்பை வெளியிட்டார். ஆனால், அதற்கேற்ப ஆடியைத் தேய்த்துத் தரவல்ல கைவினைஞர் அன்று அவருக்குக் கிடைக்கவில்லை. 1668-இல் ஐசக் நியூட்டன் தாமே உலோகத்தை உருக்கி, வார்த்து, தேய்த்து, ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றே மிகுந்த விட்டமுடைய ஆடியைக் கொண்டு உள்ளங்கையில் அடங்கும் அளவிலான தொலைநோக்கி ஒன்றைச் செய்து முடித்தார்.

செய்வதற்கு மிகக் கடினமான பொருள் அது. செம்பு இரண்டு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு என்பது தோராயமான கணக்கு. வெள்ளீயம் குறைந்தால் உலோகம் செந்நிறம் காட்டும். மிகுந்தால் பளபளப்புக் குன்றும். சரியான அளவில் அது வெள்ளிபோல் வெளுத்து ஒளிரும். ஆனால், கண்ணாடியைப் போலவே எளிதில் உடையும். வார்த்த வட்டு விரைவாகக் குளிர்ந்தால் வெடித்துவிடும். சுவாமிமலைச் சிற்பிகள் வார்க்கும் படிமங்களில் வெள்ளீயம் குறைவு. ஆதலால் அவ்வுலோகம் உளிக்கு இணங்கும். ஆடி உலோகமோ உளியை ஏற்காது. அதைத் தேய்க்க மட்டுமே முடியும்.

தேய்ப்பதிலும் துல்லியம் வேண்டும். ஆடியில் உள்ள பிழை, ஒளி திரும்பும்போது இருமடங்காகிறது. எனவே ஆடியின் வளைவு, ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறுகளாகப் பிரித்தால் வரும் ஒரு கூறு அளவுக்குக்கூடப் பிசகக் கூடாது. அளவுகோல் எட்டாத இந்த நுட்பத்தை அக்காலக் கைவினைஞர்கள் குங்கிலியம் போன்ற கீல் பூசிய வட்டு, நுண்பொடி, பொறுமை ஆகிய மூன்றைக் கொண்டே எட்டினார்கள்.

கைவினைஞர்கள் மூவர்

தச்சர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, பத்து வயதில் பெற்றோரை இழந்த ஜேம்ஸ் ஷார்ட், எடின்பரோவிலும் பின்னர் இலண்டனிலும் தொழில் நடத்தி, 1768-இல் மறைவதற்குள் ஏறத்தாழ 1,370 தொலைநோக்கிகளைச் செய்தார். இன்று அருங்காட்சியகங்களில் காணப்படும் பழைய பித்தளைக் குழல் தொலைநோக்கிகளில் அவர் பெயர் பொறித்தவை பல. ஆடிக்குச் சரியான வளைவு தரும் முறையை அவர் எவருக்கும் கற்பிக்கவில்லை. தாம் மறைவதற்கு முன் தம் கருவிகளை அழித்துவிடச் செய்தார் என்பர். அவரோடு அவருடைய முறையும் மறைந்தது.

இரண்டாமவர் வில்லியம் ஹெர்ஷல். இங்கிலாந்தின் பாத் நகரில் இசைக் கலைஞராக இருந்தவர். விலைக்கு வாங்க வசதியில்லாமல் தாமே ஆடி செய்யத் தொடங்கினார். மெருகேற்றும்போது இடையில் கையை எடுத்தால் வளைவு கெடும் என்பதால், ஒருமுறை பதினாறு மணி நேரம் தொடர்ந்து தேய்த்தார். தங்கை கரோலின் உணவை அவர் வாயில் ஊட்டினார். வீட்டின் கீழ்த்தளத்தில் பேராடி ஒன்றை வார்க்க முயன்றபோது அச்சு வெடித்து, உருகிய உலோகம் கல் தரையில் பாய, கற்கள் தெறித்துச் சிதறின. அங்கிருந்தோர் உயிர் தப்பினர். அதே 1781-ஆம் ஆண்டில், தாம் தேய்த்த ஆறேகால் அங்குல ஆடியைக் கொண்டு யுரேனஸ் கோளைக் கண்டறிந்தார். அதன்பின் அரசர்களே அவருடைய வாடிக்கையாளர் ஆயினர். ஸ்பெயின் மன்னர் ஒரு தொலைநோக்கிக்கு 3,150 பவுன் தந்தார். நான்கடி விட்ட ஆடி கொண்ட நாற்பதடித் தொலைநோக்கிக்கு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் 4,000 பவுன் வழங்கினார்.

மூன்றாமவர் அயர்லாந்தின் ரோஸ் பிரபு. 1842-இல் ஆறடி விட்டமுடைய ஆடியைத் தம் பண்ணை ஊரிலேயே வார்த்தார். வெளியூர்க் கலைஞர்களை நாடாமல், உள்ளூர்த் தொழிலாளர்களையே பழக்கினார். தம் முறைகளை முழுமையாக வெளியிட்டார். அந்த ஆடியின் வழியாகத்தான் சில நெபுலாக்கள் சுருள் வடிவம் கொண்டவை என்பது முதன்முதலில் தெரிய வந்தது.

அறிவை ஒளித்த ஷார்ட், வெளியிட்ட ரோஸ் என இரு வழிகளும் இத்தொழிலில் இருந்தன. இவர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், ஜான் மட்ஜ் என்னும் மருத்துவர் ஆடி உலோகத்தின் கலவையையும் மெருகேற்றும் முறையையும் எழுதி வெளியிட்டு, அதற்காக 1777-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் பெற்றார். பிற்காலத்தவர் மேலும் முன்னேற முடிந்ததற்கு இத்தகைய வெளிப்படையான எழுத்துகள் துணை நின்றன.

மங்கிய ஒளி

உலோக ஆடிக்குத் தீராத குறை ஒன்று இருந்தது. புதிதாய் மெருகேற்றிய நிலையிலும் தன்மேல் படும் ஒளியில் மூன்றில் இரு பங்கையே அது திருப்பியது. தொலைநோக்கியில் இரண்டு ஆடிகள் இருந்தால் பாதிக்கும் குறைவான ஒளியே கண்ணை அடையும். ஈரக்காற்றில் அது விரைவில் கறுத்தது. மீண்டும் மெருகேற்றினாலோ அரும்பாடுபட்டுத் தந்த வளைவு மாறிவிடும். ஆதலால் ஒரு கருவிக்கு இரண்டு ஆடிகள் செய்து, ஒன்றைத் தேய்க்கும்போது மற்றொன்றைப் பயன்படுத்துவது வழக்கம். ஆண்டில் இருமுறை பருவமழை பெய்யும் திருவனந்தபுரம் போன்ற ஊரில் இத்தகைய ஆடியைப் பேணுவது எளிதன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1850-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஸ்டைன்ஹைலும் பிரான்சின் ஃபூக்கோவும் கண்ணாடி வட்டின் முகப்பில் மெல்லிய வெள்ளிப் பூச்சு ஏற்றிக் காட்டினர். வெள்ளி கறுத்தால் அதைக் கரைத்துவிட்டு மீண்டும் பூசலாம். அடியிலுள்ள வளைவு மாறாது. அத்துடன் உலோக ஆடியின் காலம் முடிவுக்கு வந்தது. ஜவ்வாது மலையின் காவலூரில் 1986-இல் தொடங்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடியும் கண்ணாடி வட்டில் தேய்க்கப்பட்டதே. அதைத் தேய்த்து முடித்தோர் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கைவினைஞர்கள்.

ஆறன்முளையின் உலை

தொலைநோக்கியில் மறைந்த உலோக ஆடி ஆறன்முளையில் மறையவில்லை. அவ்வூர்ப் பார்த்தசாரதி கோயில் திருப்பணிக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அழைத்துவரப்பட்ட கம்மாளர் குடும்பங்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அங்குள்ள கலைஞர்களின் மரபுச் செய்தி. கலவை அளவைக் குடும்பத்துக்கு வெளியே அவர்கள் சொல்வதில்லை. ஆயினும் உலோகவியல் அறிஞர் சாரதா சீனிவாசன் முதலியோர் செய்த ஆய்வுகள், அதில் வெள்ளீயம் நூற்றுக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று பங்கு என்ற அளவில் இருப்பதைக் காட்டின. ரோஸ் பிரபு தம் பேராடிக்குக் கொண்ட அளவும் ஏறத்தாழ இதுவே.

களிமண் வட்டுகள் இரண்டை மெல்லிய இடைவெளி விட்டு இணைத்து அச்சு செய்கிறார்கள். உலோகத் துண்டுகள் இட்ட மூசையை அந்த அச்சோடு சேர்த்தே மண்ணால் மூடுகிறார்கள். உலையில் காய்ந்து உலோகம் உருகியதும் மூசையைச் சாய்க்க, உலோகம் வெளிக்காற்றுப் படாமல் அச்சுக்குள் இறங்குகிறது. மெல்ல ஆறவிட்டு உடைத்தெடுத்த வட்டை அரக்கு கொண்டு பலகையில் பதித்து, நுண்பொடியும் எண்ணெயும் இட்டு நாட்கணக்கில் தேய்க்கிறார்கள். தொலைநோக்கி ஆடியின் முகம் உட்குழிந்தது. ஆறன்முளை ஆடியின் முகம் சமதளம். இரண்டுக்கும் அதுவே பெரிய வேறுபாடு.

நாட்டில் மிகத் தொடக்கத்திலேயே, 2004-05 ஆண்டில், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் ஆறன்முளைக் கண்ணாடியும் ஒன்று. ஷார்ட்டுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. கலவை அளவை வெளியிடாமலேயே, பெயரின் உரிமையைச் சட்டத்தால் காத்துக்கொள்ள இது வழி செய்கிறது. ஆயினும் சட்டம் பெயரைத்தான் காக்கும், கைகளைக் காக்காது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பம்பை பெருகி ஆறன்முளையின் பட்டறைகளுக்குள் புகுந்தபோது அச்சுகள், உலைகள், செய்து வைத்த ஆடிகள் எனப் பலவும் அழிந்தன. அக்குடும்பங்கள் மீண்டும் மண் பிசைந்து அச்சு செய்தனர். சில குடும்பங்களின் நினைவில் மட்டுமே தங்கியிருக்கும் ஓர் அறிவு எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அந்த வெள்ளம் காட்டிற்று.

வாங்குவோர் கவனத்துக்கு

ஆறன்முளைக் கண்ணாடி வாங்க விரும்பும் வாசகர்கள் எளிய சோதனை ஒன்றை அறிந்திருத்தல் நலம். மென்மையான காகித முனையை ஆடியின்மேல் வைத்துப் பாருங்கள். பின்புறம் பூச்சு ஏற்றிய சாதாரணக் கண்ணாடியில் முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் இடையே சிறு இடைவெளி தெரியும். உலோக ஆடியில் இரண்டும் ஒன்றையொன்று தொடும். ஏனெனில் ஒளி முகப்பிலேயே திரும்புகிறது. தொலைநோக்கிக் கலைஞர்கள் நாடியதும் இந்தப் பண்பையே. புவிசார் குறியீட்டு முத்திரையையும் உரிய இரசீதையும் கேட்டுப் பெறுங்கள். வாங்கியபின் விரல் படாமல், ஈரம் புகாமல் வைத்து, மென்துணியால் மட்டும் துடையுங்கள். கை தவறிக் கீழே விட்டால் அது கண்ணாடியைப் போலவே உடைந்துவிடும்.

விலை மிகுதி என்று தோன்றலாம். ஓர் ஆடிக்குப் பின்னே உடைந்துபோன வட்டுகள் எத்தனை, தேய்த்த நாட்கள் எத்தனை என்பதையும் கணக்கில் சேர்த்தால், நாம் தரும் பணம் ஒரு பொருளின் விலையாக மட்டும் நில்லாது. அடுத்த தலைமுறை அந்த உலையருகே அமர்வதற்கான முதலீடாகவும் அமையும்.